பதினாலு மீன்களும் ஒரே பக்கம்

பத்தொன்பது நாளாக ஹால் பக்கம் தலைவைத்தும் படுக்காத மீன்கள், அன்று சாயங்காலம் மொத்தமாக ஹால் பக்கக் கண்ணாடிக்கு வந்து நின்றன.

மெக்கானிக் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, லிஃப்ட் கிரீஸ் நாறும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தான். ஹாலையும் சாப்பாட்டு அறையையும் பிரிக்கும் தடுப்பே அந்தத் தொட்டிதான். முழங்கால் உயர ஸ்டாண்டின் மேல் நான்கடி நீளத்துக்கு, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி அவன் மனைவி ஆசை ஆசையாக வைத்தது. மோட்டார் அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தது. பாசியும் ஊறிய மணலும் கலந்த வாசம் வீடெல்லாம் பரவியிருந்தது. ஜன்னல் வழியாக வந்த மஞ்சள் வெயில் தண்ணீரில் பட்டுச் சுவரில் நெளிந்தது. பதினாலு நியான் டெட்ராக்கள், நீலக்கோடும் சிவப்பு வாலுமாக, ஒன்றை விட்டு ஒன்று பிரியாத கூட்டம். அவள் செத்த நாளிலிருந்து சாப்பாட்டு அறைப் பக்கமே ஒட்டிக் கிடந்து, அவனுக்கு வாலைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. இன்றைக்கு முகத்தைக் காட்டின.

"பரவால்லையே, கோபம் தீந்துடுச்சா?" என்றான். மனைவியிடம் ஒருநாளும் அவன் இப்படிக் கேட்டதில்லை.

கோபம் தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ள அவனுக்குப் பிடிக்கவில்லை. மீன் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டான்.

"எல்லாத்தையும் எடுத்துக்கங்க, சும்மாவே தரேன்."

"நாளைக்கு வரேன் சார். அதுவரைக்கும் பிரிச்சு கிரிச்சு யாருக்கும் குடுத்துடாதீங்க, தனியா விட்டா பயந்தே செத்துடும். உங்க வீட்டம்மா புள்ளைங்க மாதிரி வளத்தாங்க. இப்ப எப்படி இருக்கு? மூலையில ஒடுங்கிக் கிடக்கா?"

"அதெல்லாம் இல்ல. நான் இருக்கிற பக்கமா தண்ணிக்கு மேல வந்து நின்னு வாயத் தொறந்து தொறந்து மூடுது."

"அப்ப நல்லாத்தான் இருக்கு. இரை போடுறவங்க பக்கத்துல வந்தா அப்படித்தான் நிக்கும். அதுங்களுக்கு ஆள் தெரியும் சார். நீங்கதானே போடுறீங்க?"

"நான் எங்க போட்டேன்? மெஷின் வாங்கி மாட்டிட்டேன். நேரத்துக்கு அதுவே கொட்டிடும்."

"அப்போ உங்க பக்கத்துல வேற யாரோ நிக்கிறாங்க போலிருக்கு" என்று கடைக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் மீன்கள் தன்னைக் கண்டு விலகி நிற்கின்றன என்றுதான் நினைத்திருந்தான். அவை விலகவே இல்லை. யாரையோ நெருங்கித்தான் நின்றிருந்தன. சாப்பாட்டு அறையில், அவள் விழுந்த இடத்துக்கு நேராக.

அவள் செத்த அன்று காலை, சர்க்கரை நோய்க்கான ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிட உட்காரும்போது சொன்னாள்: "நான் அக்கா வீட்டுக்குப் போறேன். மீனையும் எடுத்துட்டுப் போறேன். திரும்பி வர மாட்டேன்." வந்த சண்டையில் தட்டு அப்படியே கிடந்தது. சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை உதறி, தொட்டியோரமாகச் சரிந்தாள். "கொஞ்சம் சர்க்கரை எடுத்துக் குடுங்க" என்று நாக்குக் குழறக் கேட்டாள். டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை பாவி. அவள் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, பேச்சு நிற்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டாக்டர் முன்னால், "அசந்து தூங்கிட்டேனே சார்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்த பதினாலும் வாய் பேசாத ஜீவன்கள்.

தப்பித்துவிட்டோம் என்று பத்தொன்பது நாளாக நிம்மதியாகத் தூங்கியவன்தான். இப்போது எழுந்து நின்றான்.

இடப்பக்கம் இரண்டடி நகர்ந்தான். மீன்களும் கண்ணாடியை உரசிக்கொண்டு இடப்பக்கம் வந்தன. அவன் நின்றதும் நின்றன. அவனுக்கு நேராக அல்ல. ஒரு ஆள் இடைவெளி விட்டு.

அந்த இடைவெளியிலிருந்து சில்லென்று ஈரக்காற்று கழுத்தில் பட்டது.

தெருக்கதவு வலப்பக்கம். எட்டடி எடுத்து வைத்தால் போதும். அவன் திரும்பினான். அதற்குள் கூட்டம் சட்டென்று வலக்கோடிக்குப் பாய்ந்தது. அவனுக்கு முன்னால். கதவுக்கு நேராக. அங்கேயே நின்றது.

கதவருகில் யாருமில்லை. கால்மிதி மட்டும் கிடந்தது. அதன் நடுவே இரண்டு ஈரக் காலடித்தடம்.

"நான் ஒண்ணும் பண்ணலடி," என்றான். "உன்னைத் தொடக்கூட இல்லையே."

மீன்கள் கதவுப் பக்கத்திலிருந்து நகர்ந்தன. அவசரமே இல்லாமல். அவனை நோக்கி.

பின்னால் போனான். இன்னும் பின்னால். தொட்டியைச் சுற்றிச் சாப்பாட்டு அறைக்குள். கூட்டமும் வளைந்து அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வந்தது. முதுகில் சுவர். இனிப் போக இடமில்லை.

வேர்த்தது. சட்டை நனைந்தது. கை உதறியது. அவனுக்குச் சர்க்கரை நோய் கிடையாது, ஒரு வியாதியும் கிடையாது. கண் இருட்டியது. கால் மடங்கியது. முன்பக்கம் சாய்ந்து, அவள் விழுந்த அதே இடத்தில் தொட்டியோரமாகச் சரிந்தான். அக்கம்பக்கத்தைக் கூப்பிட வாயைத் திறந்தான். நாக்கு தடித்துக் கிடந்தது.

மோட்டார் நின்றது. வீடு அமைதியானது.

மேலே நின்ற மீன்கள் கீழே இறங்கத் தொடங்கின. மெதுவாக. தலைமாட்டில் ஒருத்தி முழங்காலை மடித்துக் குந்துகிற வேகத்தில். மணல்வரைக்கும் வந்து நின்றன. அவனை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. அவன் முகத்துக்குச் சற்று மேலே, வெறும் காற்றைப் பார்த்து, பதினாலு வாயும் ஆசையாகத் திறந்து திறந்து மூடின.