கடனுக்கு வந்த தடுப்பாட்டக்காரன்

தேனாவின் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு முற்றம் இருந்தது. முற்றத்தின் கடைசியில் கார் நிறுத்தும் கொட்டகைகள். அவற்றில் நடுக் கொட்டகையின் இரும்புக் கதவுதான் கோல். பந்து பட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

முன்பெல்லாம் அந்தச் சத்தம் சாயங்காலம் முழுக்கக் கேட்கும். பிறகு ஒவ்வொரு குடும்பமாக வர்போவா ஊரை விட்டுப் போனது. சிலர் ஜெர்மனிக்கு, சிலர் அயர்லாந்துக்கு. வேலை அங்கேதான் இருந்தது. தேனாவின் அப்பாவும் ஜெர்மனியில் லாரி ஓட்டினார். கடைசியாகக் கோடை விடுமுறையில் எதிர்வீட்டு லோராவும் போய்விட்டாள்.

பத்து வயது தேனா இப்போது தனியாக விளையாடினாள். தானே உதைப்பாள், தானே ஓடிப்போய் எடுத்து வருவாள். கோல் விழுந்தால் கையைத் தூக்கிக்கொண்டு மாடிகளைப் பார்ப்பாள். அங்கே காயப்போட்ட துணிகள்தான் இருக்கும். தடுக்க ஆளில்லாமல் போடும் கோலில் ருசியே இல்லை.

செப்டம்பரில் மூன்றாம் மாடிக்கு ஒருவன் குடிவந்தான். நல்ல உயரம். கையில் ஒரே ஒரு பெரிய பெட்டி. அம்மா வேலை செய்யும் பேக்கரியில் அதற்குள் செய்தி பரவிவிட்டது. பெயர் சிமுன், வயது பத்தொன்பது, தெற்கே கடலுக்கு நடுவே இருக்கும் விஸ் தீவைச் சேர்ந்தவன், கடற்கரையில் உள்ள பெரிய கிளப் அவனை நம் ஊர் கிளப்புக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறது, தடுப்பாட்டக்காரன்.

தேனாவுக்குத் தலைகால் புரியவில்லை. நிஜமான தடுப்பாட்டக்காரர் ஒருவர் தன் வீட்டு மாடியிலேயே இருக்கிறார். ஆனால் சிமுன் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு போவான், அப்படியே வருவான். முற்றத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டான். களைத்து வருகிறவரைத் தொந்தரவு செய்யாதே என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அவளும் ஆட்டம் பார்க்கப் போனார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம். யாரும் கோல் போடவில்லை. சிமுனிடம் பந்து வந்தது. அவன் அதைத் தன் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டினான். தட்டிய வேகம் போதவில்லை. பந்து பாதி வழியிலேயே மெதுவாக உருண்டது. எதிரணிக்காரன் பாய்ந்து வந்து அதைக் கோலுக்குள் அடித்துவிட்டான்.

"டேய் தீவுக் கழுதை, கப்பல் ஏறி ஊருக்கே போ," என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சிமுன் மைதானத்தின் நடுவில் நின்றான். அவன் பக்கத்தில் யாரும் போகவில்லை.

அதற்கடுத்த வாரம் அவனை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. அவன் பேக்கரிக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அங்கே எல்லோரும் அவன் வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று அம்மா வருத்தப்பட்டாள். ஒரு நாள் மிளகாய்ப்பொடி தூக்கலாகப் போட்டு இறைச்சிக் குழம்பு வைத்து, ஒரு பாத்திரம் நிறைய அவனுக்குக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் சிமுன் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து தந்தான். ரொம்ப நன்றாக இருந்தது என்றான். அவன் கண் இன்னும் சிவந்தே இருந்தது. கடற்கரைக்காரர்களுக்கு இந்தக் காரம் பழக்கமில்லை. பிறகு படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தேனா யோசித்தாள். லோரா போன அன்று தனக்கும் எல்லோரும் கேக் தந்தார்கள். சரியாகிவிடும் என்று சொன்னார்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலமும் அவள் தனியாகத்தான் விளையாடினாள்.

அவள் பந்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

சிமுன் திறந்தான். அவனுக்குப் பின்னால் அறை தெரிந்தது. சன்னலில் திரைச்சீலை இல்லை. பெட்டி தரையில் பாதி திறந்தபடி கிடந்தது.

"எனக்கு ஒரு தடுப்பாட்டக்காரர் வேணும்," என்றாள் தேனா. "கோல் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு. தடுக்க ஆளே இல்ல."

"நான் தடுத்த அழகைத்தான் ஊரே பாத்துச்சே. நீ பாக்கலையா?"

"பாத்தேன். மோசமாத்தான் இருந்துச்சு."

சிமுன் அவளை உற்றுப் பார்த்தான். இத்தனை நாளில் அவனைத் திட்டியவர்கள் இருந்தார்கள், பரவாயில்லை என்றவர்களும் இருந்தார்கள். இப்படிச் சாதாரணமாக யாரும் சொல்லவில்லை.

"வேற ஆள் கிடைக்கலையா?"

"எல்லாரும் அயர்லாந்து போயிட்டாங்க. நீங்கதான் மிச்சம்."

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. "நீங்கன்னு சொல்லாத. கிழவனான மாதிரி இருக்கு. இரு, ஷூ போட்டுட்டு வாரேன்."

முதல் ஐந்து நிமிடத்தில் தேனா மூன்று கோல் போட்டாள். மூன்றாவது முறை அவன் வேண்டுமென்றே காலை விலக்கியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பந்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். இப்படி விட்டுக்கொடுப்பதானால் இரும்புக் கதவே போதும், நீ மாடிக்கே போகலாம் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு சிமுன் நிஜமாகத் தடுத்தான். அவள் இடதுபக்கம் திரும்பினால் அங்கே நின்றான். வலதுபக்கம் ஓடினால் அங்கேயும் நின்றான். அவளைத் தொடாமலேயே பந்தைப் பறித்தான். தேனாவால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. மூச்சிரைக்கச் சிரித்தாள். அத்தனை நாளைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு ஆட்டம் ஆட்டமாக இருந்தது.

இருவரும் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். கடனுக்குக் கொடுப்பது என்றால் என்னவென்று தேனா கேட்டாள்.

"பெரிய கிளப்புல இப்போ எனக்கு இடமில்ல. அதனால கொஞ்ச காலம் வேற ஊர்ல ஆடக் குடுப்பாங்க. பொறவு திருப்பி எடுத்துக்குவாங்க."

"எங்கம்மாவும் கீழ்வீட்டுல சர்க்கரை கடன் வாங்குவாங்க. ஆனா அதே சர்க்கரையைத் திருப்பிக் குடுக்க மாட்டாங்க. அது கேக்குல போயிடும்."

"அப்போ என்னையும் கேக்குல போட்டுருவாங்களா?"

"நல்லா ஆடலேன்னா போட்டுடுவாங்க," என்றாள் தேனா.

சிமுன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு மெல்லத் தன் கதையைச் சொன்னான். அவன் பதின்மூன்று வயதில் கப்பலேறிக் கரைக்கு வந்தவன். விடுதியில் தங்கிப் படித்து, ஆடி, பெரிய கிளப்பில் ஒப்பந்தம் போட்டான். அன்று தீவில் அவன் அப்பா தெருவுக்கே மீன் சுட்டு விருந்து வைத்தார். அதன்பிறகு ஒரு ஊருக்குக் கடன், அங்கிருந்து இன்னொரு ஊருக்குக் கடன். ஒரு ஊரில் ஆட்களின் பெயர்கள் மனதில் நிற்பதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அதனால் இப்போதெல்லாம் பெட்டியைப் பிரிப்பதே இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தீவுக்குப் போனால் அப்படியே தங்கிவிடப் போவதாகவும் சொன்னான். அப்பாவின் மீன்பிடிப் படகுக்கு ஆள் வேண்டுமாம்.

தேனாவுக்குத் தனக்குப் பிறர் சொன்ன ஆறுதல்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்றும் உபயோகப்பட்டதில்லை.

"நாளைக்கும் வருவியா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான்.

ஒரு நாள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்து கிரெஷோ என்ற பையன் சைக்கிளில் வந்தான். பின்னால் அவன் தம்பி வித் உட்கார்ந்திருந்தான். கூடவே இன்னும் சில பிள்ளைகள். முற்றத்து வாசலில் நின்றுகொண்டு, மைதானத்தில் கேட்ட அதே பேச்சைக் கிரெஷோ பேசினான். "தீவுக் கழுதை இங்க வந்து சின்னப் பொண்ணுகூட ஆடுது பாருங்கடா."

சிமுனின் முகம் சுருங்கியது. அவன் பந்தை விட்டுவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தான்.

தேனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கல்லை எடுக்கலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் கல்லெறிந்தால் அவர்கள் நாளைக்கு இன்னும் பெரிய கூட்டமாக வருவார்கள். அவள் பந்தைக் கிரெஷோவின் சைக்கிளை நோக்கித் தட்டிவிட்டாள்.

"அவனைத் தாண்டி ஒரு கோல் போடு. போட்டுட்டு எவ்வளவு வேணா திட்டு. நானும் சேர்ந்து திட்டறேன்."

கிரெஷோ தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை. அவன் இறங்கி வந்தான்.

சிமுனும் படியிலிருந்து திரும்பி வந்து இரும்புக் கதவின் முன்னால் நின்றான்.

கிரெஷோ முயன்றான். பந்து அவனிடம் இல்லை. மறுபடி முயன்றான். மறுபடியும் இல்லை. பிறகு தம்பியையும் சேர்த்துக்கொண்டான். பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்களே தவிர, பந்து கதவைத் தொடவில்லை. குட்டி வித் சிமுனின் காலைக் கட்டிக்கொண்டான். காலைப் பிடிப்பது தவறு என்று தேனா சட்டம் பேசினாள். அவன் கால் ரொம்பப் பெரிசு, அதுவும் தவறுதான் என்றான் வித்.

இருட்டிய பிறகு அம்மாக்கள் தேடிவந்து கூட்டிப்போனார்கள். யாருக்கும் திட்ட நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் எல்லோரும் வந்தார்கள். அதற்குப் பிறகு தினமும் வந்தார்கள்.

நவம்பர் கடைசியில் ஊர் கிளப்பின் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு முழங்காலில் அடிபட்டது. பயிற்சியாளர் சிமுனை இறக்கினார். அவன் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் பின்வரிசையில் பழைய முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வேறொரு சத்தமும் வந்தது. முற்றத்துப் பிள்ளைகள் வேலியில் தொற்றிக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குளிரில் வித்தின் மூக்கு ஒழுகியது. அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான்.

வர்போவா ஒரு கோல் முன்னால் இருந்தது. கடைசி நிமிடங்களில் பந்து மறுபடியும் சிமுனிடம் வந்தது. எதிரணிக்காரன் ஓடி வந்தான். பின்னால் கோல்கீப்பர் கையை நீட்டினார். தேனா கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

சிமுன் ஒரு கணம் நின்றான். பிறகு பந்தை ஓங்கி ஓர் உதை. அது மைதானத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பாதிரியாரின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் விழுந்தது. கூட்டம் சிரித்தது. இந்த முறை சிரித்தவர்கள் கைதட்டினார்கள்.

சிமுன் கிறிஸ்துமஸுக்குத் தீவுக்குப் போனான். திரும்பியும் வந்தான். ஆனால் வந்தது பெட்டியை எடுத்துப்போக. அவன் ஆடுவதைப் பார்த்துப் பெரிய கிளப் அவனைத் திரும்ப அழைத்துவிட்டது. இனி கடன் இல்லை.

இங்கே சேர்ந்த சாமான்களால் பெட்டியை மூட முடியவில்லை. தேனாவும் வித்தும் அதன் மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பூட்ட முடிந்தது. பேருந்து நிலையத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"நீ போறது எனக்குப் பிடிக்கல," என்றாள் தேனா.

"எனக்கும்தான்," என்றான் சிமுன்.

"ஆனா போ."

அவன் குனிந்து அவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான். பேருந்து கிளம்பியது. சன்னல்களில் பனி மூடியிருந்ததால் உள்ளே கையசைப்பது யார் என்று தெரியவில்லை. தேனா எல்லாச் சன்னலுக்கும் கையசைத்தாள்.

அவள் வீட்டுக்கு நடந்து வந்தாள். மூன்றாம் மாடி இருட்டாக இருந்தது. தடுப்பாட்டக்காரன் போய்விட்டான், இனி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே முற்றத்துக்குள் நுழைந்தாள்.

அங்கே கிரெஷோவும் மற்றவர்களும் மண்வாரியால் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். யார் தடுப்பது என்று ஒரே சண்டை. எல்லோருக்கும் கோல் போடத்தான் ஆசை. கதவுக்கு முன்னால் நிற்க ஒருவரும் தயாரில்லை.

தேனா கையுறையைப் பல்லால் இழுத்துச் சரிசெய்துகொண்டாள். நேராகப் போய் இரும்புக் கதவின் முன்னால் நின்றாள்.

அன்று அவள் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஒன்றையும் உள்ளே விடவுமில்லை.