பின்பக்கத்துப் பாரம்

மதியம் மூன்று மணிக்கு நான் மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஈரத் தார்ப்பாயும் பழைய பெட்ரோலும் கலந்த வாடை. ஓராண்டாக யாரும் உட்காராத அந்தப் பழைய ராணுவ ஜீப் மூக்கை வாசலுக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். நிலம் அளக்கும் வேலை. மலைமேல் எந்த வண்டியும் ஏறாத இடத்துக்கெல்லாம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஏலத்தில் எடுத்த ஜீப் அது. நான் மெக்கானிக். வேண்டாம் என்று முதலில் சொன்னவனும் நான்தான், பிறகு மூன்று மாதம் முதுகு ஒடிய அதைச் சரிசெய்து கொடுத்தவனும் நான்தான்.

இந்த ரகத்தில் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாகத் தொங்கும். பின்னால் பாரம் இருந்தால் நிமிர்ந்து நிற்கும். காலியாக இருந்தால் இரண்டின் அடிப்பக்கமும் உள்ளே ஒடுங்கிவிடும். அப்போது வளைவில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால், வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஓட்டுகிறவன் செய்ய ஒன்றும் இல்லை. அதனால் ஆள் ஏறாதபோது பின்னச்சுக்கு மேல் ஒரு பெட்டி நிறைய மணல் வைத்துக்கொள்வது வழக்கம். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். இந்த வண்டிக்கு அது நேர்மாறு.

நான் 'அம்மாடி' என்றே கூப்பிடும் தங்கைக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. "ஏண்ணா, ஊர்ல எல்லாரும் வண்டில பொண்டாட்டியை ஏத்துவாங்க, இவரு மண்ணை ஏத்திக்கிட்டுத் திரியறாரே" என்பாள்.

இனி நான் சொல்லப்போவதை அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் சர்வீசுக்கு வந்த வண்டியில் வேலை முடிக்கும் நேரம், கியர் ஆயில் டப்பா என் காலில் இடறிப் பட்டறைத் தரையெல்லாம் ஓடிவிட்டது. கைக்கு எட்டிய தூரத்தில் அந்த மணல் பெட்டி. மணலை அள்ளி எண்ணெய்மேல் கொட்டினேன். ஊறியதைக் கூட்டி வெளியே எறிந்தேன். காலிப் பெட்டியைத் திரும்ப வண்டியில் போல்ட் போட்டு முடுக்கி, நாளைக்கு நிரப்பிவிடலாம் என்று மூடினேன்.

மறுநாள் காலை நான் மணலை மறந்து வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது மாப்பிள்ளை வந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் இருவரும் மலையிறங்கும்போது, ஐந்தாவது திருப்பத்தில், குறுக்கே ஒரு நாய் ஓடியது. வண்டி கவிழ்ந்து, என் தங்கை போய்ச் சேர்ந்தாள்.

பெட்டி உடைந்து கிடந்தது. மணல் கொட்டி மழை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். நான் தலையாட்டினேன். பெண்டாட்டியைக் கவிழ்த்துக் கொன்றவன் என்று ஊர் அவரைப் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. என்னிடம் மூடி இருந்தது, நான் அதை எடுக்கவில்லை. தங்கை போனபின் எனக்கென்று இருக்கும் ஒரே உறவு அவர்தான். அவரையும் இழக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நெளிவெடுத்து, தலைக்குமேல் இரும்பு வளையம் வைத்து, பெல்ட் போட்டு, புதுப்பெட்டி முடுக்கி வண்டியை நானே கொட்டகையில் விட்டேன். இப்போது அவர் விற்கிறார். கீழே டவுனில் ஒருவர் கேட்கிறார், ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

டயரில் காற்றுப் பார்க்கக் குனிந்தேன்.

பின்சக்கரங்கள் நிமிர்ந்து நின்றன.

பெட்டியைத் திறந்து பார்த்தேன், காலி. இருக்கை காலி. ஸ்பிரிங்குகள் மட்டும் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்ததுபோல அமுங்கியிருந்தன. இருக்கை ஓரத்தைக் கையால் தொட்டபோது மெலிதாக ஒரு வாசனை வந்தது. கிராம்பு எண்ணெய். தங்கை பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். அவள் விரல்களில் எந்நேரமும் அந்த வாசனைதான் இருக்கும்.

ஈரத்தில் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொட்டகைப் பக்கத்து மணல் குவியலிலிருந்து வாரி, பெட்டியை விளிம்புவரை நிரப்பினேன். வெள்ளையான, சலித்த மணல். முடுக்கியபின் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

மாப்பிள்ளை வந்தார். சட்டை அவர்மேல் தொங்கியது. "நான் ஓட்டறேன் மச்சான்" என்றார்.

"வேணாம் மாப்ள, நான்..."

"கடைசித் தடவை. நான் ஓட்டறேன்."

பெல்ட் போட்டுக்கொண்டோம். அவர் இருபதுக்குமேல் முள்ளை ஏற விடவில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கில் கால் வைக்காமல், பரீட்சை எழுதுகிற பிள்ளைபோல ஓட்டினார். மலைச்சரிவில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. டயருக்குக் கீழே ஈரச் சரளையின் நறநறப்பு மட்டும்தான்.

முதல் திருப்பத்தில், பின்னால் இருக்கை கிரீச்சிட்டது.

வண்டி இடப்பக்கம் வளைந்தது. ஏதோ ஒன்று இடப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது.

இரண்டாவது திருப்பம் வலப்பக்கம். அது வலப்பக்கம் நகர்ந்தது.

எந்தச் சாமானும் வளைவில் வெளிப்பக்கம்தான் சரியும். உள்பக்கம் நகர வேண்டுமென்றால் அது வண்டி கவிழக் கூடாது என்று நினைக்க வேண்டும்.

எனக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

ஐந்தாவது திருப்பத்தில் அவர் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். தடுப்புச்சுவரில் அன்று வண்டி உரசிய கீறல் இன்னும் இருந்தது.

"முப்பதுதான் போனேன் மச்சான்" என்றார் கிசுகிசுப்பாக. "நான் அளக்கறவன், எனக்கு நல்லாத் தெரியும். முப்பதுல, பின்னாடி மணலோட, எப்படிக் கவுந்துது? தினம் படுத்துக்கிட்டே ஓட்டிப் பாக்கறேன். அந்த நாயை அடிச்சிருந்தா? ஒரு நொடி கழிச்சுத் திருப்பியிருந்தா?"

அவர் சாவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியாது. அன்னைக்கு அவ பின்னாடிதான் ஏறப் போனா. கால நீட்டிக்கறேன்னு சொன்னா. நான்தான், பின்னாடி மணல் இருக்கு, அது போதும், நீ முன்னாடி வந்து பேசிட்டு வான்னு கூப்பிட்டேன்."

அவள் பின்னால் உட்கார்ந்திருந்தால் வண்டி கவிழ்ந்திருக்காது. அவள் எடையே போதும்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. அழுகிய முட்டைபோன்ற கந்தக நெடி. கியர் ஆயிலின் நெடி.

பின்னாலிருந்து.

இறங்கினேன். பெட்டியைத் திறந்தேன்.

நான் நிரப்பிய வெள்ளை மணல் இல்லை.

கறுப்பாக, எண்ணெயில் ஊறி, கட்டிகட்டியாக வேறு மணல் இருந்தது. நடுவே இரும்புச் சீவல்கள். என் பட்டறைத் துடைப்பத்தின் குச்சி ஒன்று. போன வருஷம் என் கையாலேயே கூட்டி எறிந்த மணல்.

ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை இறங்கி வந்து பெட்டிக்குள் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வண்டி உங்களால கவுந்ததில்ல மாப்ள" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா இடறியது, மணலை அள்ளியது, மூடியது, மறந்தது, தலையாட்டியது. அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை.

"பதினாறாம் நாள் என் வீட்டுக்கு வந்தீங்க" என்றார் கடைசியில். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு, விதி மாப்ளன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"மறந்தது தப்பில்ல மச்சான். எவனுக்கும் வரும். அந்த வார்த்தையை எப்படிச் சொன்னீங்க?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பெட்டியைக் கழற்றினார். கறுப்பு மணலைச் சரிவில் கொட்டி, பெட்டியையும் அதன் பின்னாலேயே வீசினார். ஏறி உட்கார்ந்து எஞ்சினை எழுப்பினார்.

ஜன்னல் இல்லாத அந்த வண்டியின் பக்கவாட்டைப் பற்றிக்கொண்டேன். "காலியா ஓட்டாதீங்க. இன்னும் ஏழு திருப்பம் இருக்கு. என்னை வேணா அடிங்க, பின்னாடி நான் உக்காந்துக்கறேன்."

அவர் மூச்சை இழுத்து முகர்ந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முகம் முதன்முறையாகத் தளர்ந்ததைப் பார்த்தேன்.

"கிராம்பு எண்ணெய் வாசனை. உங்களுக்கு வருதா?"

நானும் முகர்ந்தேன். கொட்டகையில் வந்தது. இப்போது எனக்கு வெறும் ஈரமண் வாசனைதான்.

"இல்ல" என்றேன்.

"கைய எடுங்க மச்சான். இடம் இல்ல."

சுவர் ஓரம் நின்று, கீழே ஏழு திருப்பங்களையும் எண்ணினேன். பனிக்குள் மறைவதும் தெரிவதுமாக அந்த வண்டி போனது. ஒரு தடவைகூட அதன் பின்பக்கம் தூக்கவில்லை. அன்று நான் வீட்டுக்கு நடந்தே போனேன்.

வண்டியை அவர் விற்கவில்லை. தினமும் வேலைக்கு அதில்தான் போகிறார், வேறு யாரிடமோ சர்வீஸ் செய்துகொள்கிறார். நடந்ததை நானே வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். இப்போது ஊர் என்னைப் பேசுகிறது, பேசட்டும். அவர் மட்டும் பேசுவதில்லை.

போன வாரம் காலையில் கடைவீதியில் நல்ல மழை. எனக்கு நேரெதிரே அவர் ஜீப் மெதுவாக வந்தது, பின்பக்கம் முழுக்கக் கித்தான் திரை இறக்கிக் கட்டியிருந்தது. நான் கையைத் தூக்கினேன். அவர் நேராகப் பார்த்தபடி என்னைக் கடந்து போனார்.

பத்தடி தள்ளிப் போனதும், அந்தத் திரை உள்ளிருந்து ஒரு கையகலம் விலகியது.

உள்ளே இருட்டாக இருந்தது. தூக்கிய கையை இறக்காமல், மழையில் அப்படியே நின்றேன்.

"அம்மாடி" என்றேன்.

திரை கொஞ்ச நேரம் விலகியே இருந்தது. பிறகு, உள்ளிருந்தே, மூடிக்கொண்டது.