டிரம்முக்குள்ளே ஒரு குரல்!

நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்!

சூசை வைத்துவிட்டுப் போன கடன். மேஸ்திரி சுந்தரமூர்த்தியிடம் வாங்கியது.

"கடன வெச்சிட்டு எவளோ ஒருத்தியோட ஓடிட்டாம்பா!" என்றது அவன் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரி.

"நானே பெங்களூர்ல பாத்தேனே!" என்றது டீக்கடை. அந்த டீக்கடைக்காரன் பக்கத்து ஊர் மாதனூரைத் தாண்டியதில்லை!

சூசையின் பெண்சாதி ஆரோக்கியமேரி மட்டும் வேறு சொன்னாள்.

"அவரு ஓடல. டிரம்முக்குள்ள கத்தினாரு. என் காதால கேட்டேன்."

ஊர் சிரித்தது. ஸ்டேஷன் ஏட்டு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தார்.

அவளுக்குத் தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அதே கத்தல்... "மேரீ...!"

"என்னை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அவளே வாய்விட்டுக் கேட்டாள். போலீஸ் கேட்காததை டாக்டராவது காதுகொடுத்துக் கேட்பார் என்று ஒரு நப்பாசை.

"நான் கூட்டிட்டுப் போறேன் மேரி. ஃபீஸும் நானே கட்றேன்" என்றான் மேஸ்திரி.

கூலி ஆட்களின் பி.எஃப். பணத்தை முழுங்கி ஏப்பம் விடுகிறவன், தோல் மடிக்கிறவளுக்கு டாக்டர் ஃபீஸ் கட்டுகிறான்! அன்றைக்கே பாலாற்றில் வெள்ளம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மணல் லாரிதான் வந்தது.

*

வேலூர். 'மனமலர்ச்சி மையம்.'

கண்ணாடிக் கதவு. ஏ.சி. வாசலில் பிளாஸ்டிக் ரோஜா. அங்கே மலர்ந்திருந்தது அது ஒன்றுதான்!

"நெக்ஸ்ட்!"

டாக்டர் பிரணவ் நிமிரவில்லை. கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார். நோயாளி அதற்குள் இருக்கிறாள் போல!

"சொல்லுங்க. என்ன ப்ராப்ளம்?"

"தூக்கம் வரல சார். டிரம்மு சத்தம் கேட்டுக்கினே இருக்குது."

"டிரம்? ஓ... யாராவது அடிக்கிறாங்களா?"

"யாரும் அடிக்கல சார். அது சுத்துது."

டாக்டரின் விரல் நின்றது.

"டிரம்... சுத்துதா?"

"ஆமா சார். உள்ள எங்க வூட்டுக்காரரு இருக்காரு."

"டிரம்முக்குள்ள... உங்க ஹஸ்பெண்ட்!"

டாக்டரின் கண்ணில் ஒரு மேளமும், அதற்குள் குந்தியிருக்கும் ஒரு புருஷனும் தெரிந்திருக்க வேண்டும். டகடகவென்று டைப் அடித்தார்.

ஆம்பூர் பக்கத்தில் பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும், டிரம் என்றால் தோலை ஊறப்போட்டுச் சுழற்றுகிற மரப்பீப்பாய் என்று. ரெண்டு ஆள் உயரம். வயிற்றில் ஒரு கதவு. உள்ளே ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாம். பாவம், சென்னையில் படித்தவருக்கு டிரம் என்றால் கல்யாணக் கச்சேரிதான்!

"எப்போ கேட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை சார்."

மேஸ்திரி தொண்டையைச் செருமினான்.

"சார்... எங்க கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஜும்மா. கரண்டை நிறுத்திட்டு, கேட்டைப் பூட்டிட்டுத்தான் போவோம். பூட்டின கம்பெனில டிரம்மு சுத்துச்சாம். நீங்களே பாத்துக்குங்க..."

"கிளியர் கேஸ்!" என்றார் டாக்டர். "இல்லாத சத்தம் கேக்குற வியாதி. மாத்திரை சாப்பிடுங்கம்மா, சத்தம் போயிடும்."

"சத்தம் போயிடும் சார். ஆளு வந்துடுவாரா?"

டாக்டர் அதை டைப் அடிக்கவில்லை.

"சார், ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. கம்பெனில காட்டணும்" என்று குழைந்தான் மேஸ்திரி.

எழுதினார். 'இவர் சுயபுத்தியோடு முடிவெடுக்கும் நிலையில் இல்லை.' கையெழுத்து. தேதி. சீல்.

"அடுத்து கவுன்சிலரைப் பாருங்க."

"எந்த வார்டு சார்?" என்று கேட்டாள் மேரி.

டாக்டர் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். வியாதி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்!

*

இவன் வார்டு கவுன்சிலர் இல்லை. மனசுக்கு ஆறுதல் சொல்கிற கவுன்சிலர். பெயர் கிருபாகரன். மேஸ்திரியை வெளியே உட்காரச் சொன்னான். கதவைச் சாத்தினான். தண்ணீர் கொடுத்தான்.

"பயப்படாம சொல்லுங்கக்கா. இங்க பேசுறது இந்த நாலு சுவத்தை விட்டு வெளிய போகாது."

'அக்கா'வில் உருகிப்போனாள் மேரி. கொட்டித் தீர்த்தாள்.

"மேஸ்திரி எங்க பி.எஃப். பணத்தை அமுக்கிட்டான் சார். அவன் வாயாலயே ஒத்துக்கினதை எங்க வூட்டுக்காரரு போன்ல புடிச்சு வெச்சிருந்தாரு. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, 'தனியா வா, பேசித் தீத்துக்கலாம்'னு கூப்பிட்டான். சாப்புடாமப் போய்ட்டாரேன்னு நான் பின்னாலயே கருவாட்டுக் கொழம்பு எடுத்துக்கினு போனேன். கேட்டு பூட்டியிருந்துச்சு. உள்ள டிரம்மு சுத்துது... அவரு கத்துறாரு... அப்புறம் கத்தல..."

"அப்புறம்?"

"மேஸ்திரி வந்து கதவைத் தொறந்தான். 'யாரும் வரலியே மேரி'ன்னான். திரும்பி வர்ற வழில கொழம்புத் தூக்கைச் சாக்கடைல வுட்டுட்டேன் சார். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அந்த போன்?"

"அதுவும் கெடைக்கல."

கிருபாகரன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். ரொம்ப நல்லவன்!

வெளியே வந்ததும் மேஸ்திரி ஒரு புரோநோட்டை நீட்டினான்.

"புருஷன் கடனுக்கு நீதான பொறுப்பு? போடு கையெழுத்து. நாற்பத்தோராயிரத்து அறுநூறு."

மாத்திரைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போட்டாள்.

ரெண்டு நாள் போனது. டேனரியில் தோல் மடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து நின்றான் மேஸ்திரி.

"இன்னா மேரி... கருவாட்டுக் கொழம்பு சாக்கடைல போச்சாமே? அடடா! நெத்திலியா, வஞ்சிரமா?"

மேரியின் கை நின்றது.

நாலு சுவர்! அதில் ஒரு சுவருக்குக் காது இருந்தது. காதுக்கு ரேட்டும் இருந்தது!

அன்று இரவு அவள் மாத்திரை போடவில்லை. யோசித்தாள்.

*

"தூக்கம் வருதாக்கா?" என்றான் கிருபாகரன், அடுத்த முறை.

"வருது சார். ஆனா சத்தம் இப்போ பேச்சா மாறிடுச்சு."

"என்ன பேசுது?"

"'மேரி, என் போனு மூணாம் நம்பர் டிரம்முக்குள்ள, பலகை இடுக்குல சொருகியிருக்குது'ன்னு அவரு சொல்றாரு சார்."

கிருபாகரனின் பேனா கீழே விழுந்தது.

"வேற... யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்ட மட்டுந்தான் சார். இங்க பேசுறது வெளிய போகாதுன்னீங்களே!"

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு சிரிக்க வாயைத் திறந்தார். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஷஹீன் பானு அவரை வெளியே அனுப்பினாள்.

"மேடம், நான் ஒரு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"இங்க வர்ற எல்லாரும் அதத்தான் செய்றாங்க. ஆனா யாரும் ஒத்துக்கிறதில்ல. சொல்லு!"

டாக்டர் சீட்டு, புரோநோட்டு வரைக்கும் மேரி சொல்லி முடித்தாள். ஷஹீன் பானு மோவாயைத் தடவினாள்.

"வெள்ளிக்கிழமை எவனும் வரலன்னு வையி... உன்னை நானே கொண்டுபோய் அதே டாக்டர்கிட்ட வுட்டுருவேன்."

"சரி மேடம். ஃபீஸு மட்டும் நீங்க கட்டுங்க."

*

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குத் தெருவே காலி.

டேனரியில் தோல் கட்டுகளுக்குப் பின்னால் மேரி, ஷஹீன் பானு, ஒரு கான்ஸ்டபிள். முதலாளியிடம் சொல்லிச் சாவி வாங்கியாகிவிட்டது. பின்கதவு திறந்தே கிடந்தது. திறந்து வைத்தது இன்ஸ்பெக்டரேதான்!

"யா அல்லா, இன்னா நாத்தம்!" மூக்கைப் பொத்தினாள் ஷஹீன் பானு.

"பழகிடும் மேடம். எங்களுக்குச் சோத்துலயும் இதான்."

கிறீச்...

யாரோ உள்ளே வந்தார்கள். கர்ச்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டு, வழுக்கித் தடுமாறி...

"இவன்தான் மேஸ்திரியா?"

மேரி எட்டிப் பார்த்தாள்.

"இல்ல மேடம்... கவுன்சிலரு!"

"எந்த வார்டு?"

"அதத்தான் நானும் கேட்டேன் மேடம்..."

கிருபாகரன் ஒவ்வொரு டிரம்மாகப் பார்த்தான். மூன்றாம் நம்பரைக் கண்டுபிடித்தான். செல்போன் டார்ச்சைப் போட்டு உள்ளே ஏறினான். கருவாட்டுச் சேதியைச் சில்லறைக்கு விற்றவன், போனை மொத்த விலைக்கு விற்க வந்திருக்கிறான்!

அப்போதுதான் இரண்டாவது நிழல் விழுந்தது.

மேஸ்திரி சுந்தரமூர்த்தி! பூனை மாதிரி வந்தான். டிரம்முக் கதவைச் சாத்தினான்.

டொக்! தாழ்ப்பாள்.

"யாரு... யாருய்யா அது? திற!" என்று உள்ளே இருந்து அலறல்.

"நான்தான் தம்பி. மூணாம் நம்பர் டிரம்மு எந்தப் பக்கம்னு என்கிட்டயே போன் போட்டுக் கேட்டியே... ஆடே வந்து கசாப்புக் கடைக்கு வழி கேட்ட மாதிரி!"

"சார்... போன் கிடைச்சா உங்ககிட்டதான் சார் குடுக்க இருந்தேன்!"

"சூசையும் இப்பிடித்தான் போனு, போனுன்னு நின்னான். அவனை நான் உள்ள தள்ள வேண்டியிருந்துச்சு. நீ சமத்து... நீயே ஏறிட்ட!"

மேரியின் நகம் ஷஹீன் பானுவின் கையில் பதிந்தது. ஷஹீன் பானுவின் இன்னொரு கையில் செல்போன் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது.

மேஸ்திரியின் விரல் சுவிட்சுக்குப் போனது...

அதன்மேல் இன்னொரு கை விழுந்தது!

"கரண்டு பில்லு ஜாஸ்தி ஆயிடும் மேஸ்திரி" என்றாள் ஷஹீன் பானு. "சூசை எங்கடா?"

மேஸ்திரி திமிறினான். கான்ஸ்டபிள் பின்னாலிருந்து ஒன்று வைத்தார். பதில் தானாக வந்தது.

"பழைய... சுண்ணாம்புக் குழியில... மண்ணு போட்டு மூடிட்டேன்..."

மேரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஓடிப்போனவன் இல்லை அவன். ஊர் சொன்னது பொய். ஏட்டு சிரித்தது பொய். டாக்டர் டைப் அடித்தது பொய். அவள் காது மட்டும் மெய். ஆனால் அதற்குப் பரிசாக ஒரு குழிதான் கிடைத்தது.

அழுதாள். இத்தனை நாள் யாரும் அவளை அழ விடவில்லை. மாத்திரைதான் கொடுத்தார்கள்.

டிரம்மைத் திறந்தார்கள். கிருபாகரன் ஈரக்கோழி மாதிரி வெளியே விழுந்தான்.

"அக்கா... எவ்ளோ கத்தினேன்... கேட்டுச்சாக்கா?"

மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சு சார். ஆனா இன்னிக்கு கம்பெனி லீவாச்சே. டாக்டரைப் பாருங்க... மாத்திரை தருவாரு!"

விலங்கு மாட்டிய கையோடு மேஸ்திரி திரும்பிக் கத்தினான்.

"ஏய் மேரி! நான் உள்ள போனாலும் என் புரோநோட்டு வெளியதான் இருக்கும். நாற்பத்தோராயிரத்து அறுநூறு! நீ போட்ட கையெழுத்து!"

"அது எந்தத் தேதி மேஸ்திரி?"

"டாக்டரைப் பாத்த அன்னிக்கு..."

சொன்ன வாயை விலங்குக் கையாலேயே பொத்திக்கொண்டான்.

மேரி எழுந்து நின்றாள்.

"சுயபுத்தி இல்லன்னு டாக்டரு சீல் வெச்சாரே, அதே தேதி! பைத்தியக்காரி கையெழுத்து கோர்ட்ல செல்லாதாம், மேடம் சொன்னாங்க. கடன் தீந்துச்சு... ஃபீஸு கட்டித் தீத்து வெச்ச புண்ணியவான் நீதான் மேஸ்திரி!"