நான்கு பக்கமும் அடைத்த கட்டம்

லுக்குட் ஊரைத் தாண்டி அந்தப் பழைய ரப்பர் தோட்டத்தை நான் அடைந்தபோது மதியம் இரண்டு மணி. மழை இருட்டிக்கொண்டு நின்றது. தோட்டத்தில் குடியிருக்கும் மயிலம்மாள் பழைய மருந்து ஸ்டோரின் சாவியோடு காத்திருந்தார். ஒரு காலத்தில் புல்லைக் கொல்ல அடிக்கும் ஆர்செனிக் மருந்தை அங்கேதான் வைத்திருந்தார்கள். அது மண்ணுக்கடியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கணினியில் கணிப்பது என் வேலை. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கிணற்று நீரைக் குடிக்கலாமா என்று மாலைக்குள் அறிக்கை போக வேண்டும். ஸ்டோரின் தரையைப் படமெடுத்தால் முடிந்தது.

"கதவ சாத்திடாதீங்க மிஸ், உள்ளருந்து தொறக்காது. எங்க பெரியம்மா அப்படித்தான் போனாங்க. வேல வாங்குற மண்டோர், ஆளு இருக்கான்னு பாக்காம பூட்டிட்டுப் போயிட்டான். உள்ள மருந்து டின்னு சரிஞ்சி, ஒரே பூண்டு வாசமா கெடந்துச்சி."

"சரி ஆன்ட்டி."

"கெணத்துத் தண்ணி நல்லதுதானே? மருமக மாசமா இருக்கா."

"கணக்கு முடியட்டும்" என்றேன். முடிந்திருந்தது. 'குடிக்கலாம்' என்று நேற்றே எழுதிவிட்டேன்.

கணினி மாதிரியில் நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்திருந்தேன். ஸ்டோர் இருக்கும் கட்டத்தைச் சுற்றிக் கெட்டிக் களிமண் என்று எடுத்துக்கொண்டு, நான்கு பக்கமும் அடைத்திருந்தேன். உள்ளே இருக்கும் நஞ்சு வெளியேற வழியில்லை. ஆனால் வெளியே நிலத்தடி நீரைச் சோதிக்கப் பதித்த ஒரு குழாயில் மட்டும் ஆர்செனிக் ஏகமாக இருந்தது. என் சுவரைச் சந்தேகிப்பதைவிட அந்த எண்ணைச் சந்தேகிப்பது சுலபம். கருவிக் கோளாறு என்று நீக்கினேன். உறுத்தும் எதையும் நான் அப்படித்தான் நீக்கி வந்திருக்கிறேன்.

உள்ளே போனதும் மழை கொட்டியது; மயிலம்மாள் லயத்துக்கு ஓடினார். காற்று கதவை அறைந்து சாத்தியது.

தள்ளினேன். அசையவில்லை. கைப்பேசியில் லைன் இல்லை.

பூண்டு வாசம் வந்தது.

பிறகு, கதவின் உட்புறத்தில் நகம் பிறாண்டும் ஓசை. என் முழங்காலுக்குக் கீழே, படுத்திருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில்.

வெளிச்சத்துக்காக, பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்தேன். நான் தொடாமலே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் கட்டங்களும் நீலம். ஸ்டோர் கட்டம் மட்டும் சிவந்து, மேலும் சிவந்து, கறுத்தது.

"தொறங்க" என்றது தரையோரம் ஒரு குரல்.

எப்படித் தோன்றியதோ, கிழக்குச் சுவரை மாதிரியில் அழித்தேன். சிவப்பு நூல் போல் வழிந்து லயத்துக் கிணற்றைத் தொட்டது. பிறாண்டல் நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

காருக்கு ஓடி, அறிக்கையில் 'குடிக்கக் கூடாது' என்று மாற்றினேன். அங்கே லைன் கிடைத்தது. பாஸ் ஹேமநாதனை அழைத்தேன்.

"நேத்து வரைக்கும் நல்லாதானே இருந்துச்சி மயூரி? அந்த நெலத்துல வீடு கட்டப் போறவங்க ரிப்போர்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. பழசையே அனுப்பு லா. அடுத்த மாசம் உன் பதவி உயர்வு வேற வருது."

மழை விட்டிருந்தது. வெளிச்சத்தில் எல்லாம் மனப்பிரமை போலத் தெரிந்தது. மயிலம்மாள் கார்க் கண்ணாடி அருகே குனிந்தார்.

"தண்ணி நல்லதுதானே மிஸ்?"

"நல்லது ஆன்ட்டி."

கண்ணாடியை ஏற்றினேன். கிழக்குச் சுவரை மீண்டும் வரைந்தேன். 'குடிக்கலாம்' என்றே அறிக்கையை அனுப்பினேன்.

பூண்டு வாசம் வந்தது.

கார்க் கதவை இழுத்தேன். திறக்கவில்லை. நான்கு கதவுகளும் திறக்கவில்லை. எதிரே கிணற்றடியில் மயிலம்மாள் ஒரு குவளை நீரை மருமகளிடம் நீட்டினார். கண்ணாடியை அறைந்து கத்தினேன். இருவரும் திரும்பவே இல்லை.

அந்தப் பெண் குடித்தாள்.

என் முழங்காலுக்குக் கீழே, கார்க் கதவின் உட்புறத்தில், பிறாண்டல் தொடங்கியது.