உள்ளே இருக்கிறாரா?

காலை எட்டு மணிக்கு வரவேண்டிய புரட்டி அன்றைக்கும் தாமதமாகத்தான் வந்தது. புரட்டி என்பது நகராட்சியின் எந்திரம். நான்கு சக்கரம், மெத்தென்று இரண்டு கைகள். வீடு வீடாக நுழைந்து, வலைக்குள் போய்க் கிடப்பவர்களை முதுகில் புண் வராதபடி மறுபக்கம் திருப்பிப் போடும். கண்ணில் மருந்து விடும், கடைவாயைத் துடைக்கும், அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நிலாவின் தென்துருவத்தில் உள்ள கொற்கைக் குழி என்ற அந்தக் குடியிருப்பில், புரட்டி நேரத்துக்கு வருவதில்லை என்பதைத் தவிர மக்களுக்கு நகராட்சியின் மேல் வேறு புகாரே கிடையாது.

எல்லாருடைய நெற்றி எலும்புக்குள்ளும் நெல்மணி அளவில் ஒரு சில்லு உண்டு. பெயர் நுதலி. பார்வையை லேசாகச் செருகினால் போதும், உடம்பை நாற்காலியில் விட்டுவிட்டு ஆள் வலைக்குள் போய்விடலாம். இதில் ஒரே சங்கடம், உள்ளே போனவரும் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருப்பார்கள். கூப்பிட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் உள்ளே இருப்பவரை வாய்விட்டுக் கூப்பிடுவது குளியலறைக் கதவைத் தள்ளுவது போன்ற அநாகரிகம் என்று பூமியும் நிலாவும் ஒத்துக்கொண்டு வெகு காலமாயிற்று. ஒருவர் உள்ளே இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமா, நாமும் உள்ளே போய், அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது. அதுதான் மரியாதை.

நப்பின்னை இந்த மரியாதையை அளக்கத்தான் பூமியிலிருந்து வந்திருந்தாள். அவள் கையில் இருந்தது வலைமிகை வினாத்தாள். பன்னிரண்டு கேள்விகள், பூமியின் வடகோடியில் ஒரு குளிர் நகரத்தில் எழுதப்பட்டவை. முப்பது மதிப்பெண்ணைத் தாண்டினால் வலைநோய். நோய் உறுதியானால் நுதலியைக் கழற்றிவிட்டு, நிலாவின் மறுபக்கத்தில் அலைவரிசை எதுவும் எட்டாத மௌன விடுதியில் ஆறு மாதம் வைப்பார்கள். ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம். அந்தக் குளிர் நகரத்தாரை அளந்த கோல் மற்றவர்களையும் சரியாக அளக்கிறதா என்று ஒவ்வொரு குடியிருப்பிலும் சோதித்துப் பார்ப்பது நப்பின்னையின் வேலை. கொற்கைக் குழி அவளுக்கு ஆறாவது ஊர். தன் குரலில் தானே அந்தப் பன்னிரண்டு கேள்விகளைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

கொற்கைக் குழிக்காரர்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து பனிக்கட்டி வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கேள்விகள் அவர்களிடம் செல்லுபடியாகவில்லை.

"வலையை விட்டு வெளியே வந்ததும் வெறுமையாக உணர்கிறீர்களா?"

"வயித்துலயா?"

"வீட்டு வேலைகளைப் போட்டுவிட்டு வலைக்குப் போவதுண்டா?"

"வேலையெல்லாம் எந்திரம்லா பாக்கு."

"குடும்பத்தில் இதுபற்றி யாராவது குறை சொல்கிறார்களா?"

"குடும்பம்னா குறை சொல்லத்தான செய்யும்."

கூட்டிப் பார்த்தால் ஊரே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஆனால் கடைசியில் ஒவ்வொருவரும் தவறாமல் ஒன்று சொன்னார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. எங்க வீட்டு ஆளைத்தான் நீங்க கேக்கணும்." நப்பின்னை இதை அப்படியே எழுதிப் பூமிக்கு அனுப்பினாள். ஆய்வுக் குழுத் தலைவர் அமலோற்பவம் அம்மையார் உடனே வழி சொன்னார். இந்தப் பண்பாட்டில் தன்னைப் பற்றித் தானே சொல்லமாட்டார்கள். கணவனைப் பற்றி மனைவியையும் மனைவியைப் பற்றிக் கணவனையும் கேளுங்கள்.

அப்படித்தான் தங்கக்கனி தன் கணவன் பால்துரைக்கு நாற்பத்தொன்று போட்டாள். பால்துரை பனி வெட்டும் எந்திரங்களின் மேற்பார்வையாளன். காலை ஷிப்ட் முடிந்தால் வீடு, வீடு வந்தால் நாற்காலி. எல்லாம் சொல்லி முடித்தபோது தங்கக்கனிக்கு மனசு லேசாகியிருந்தது.

"இந்த மார்க்கை வச்சி அவியள என்ன செய்வாவ டாக்டரம்மா?"

நப்பின்னை சொன்னாள். தங்கக்கனியின் முகம் வெளுத்துவிட்டது.

"மறுபக்கமா? ஆறு மாசமா?" என்றாள். "நாலு வார்த்தை வைவாவன்னுல்லா நெனச்சேன். அதை அழிச்சிப் போடுங்க."

"பூமிக்குப் போயாச்சும்மா."

"அவியளுக்கு ராத்திரில மூச்சு இழுக்கும். தட்டி எழுப்பி உக்கார வைக்க ஆள் வேணும். அங்கன யாரு செய்வா?"

தங்கக்கனி அழுவாளோ என்று பயந்து, பேச்சை மாற்றுவதற்காக நப்பின்னை, வினாத்தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். வினாத்தாளை எழுதியவர்கள், வலைக்குள் போகிறவர்கள் விளையாடவோ வாங்கவோ வம்பளக்கவோதான் போவார்கள் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு விட்டுவிட்ட கேள்வி அது.

"அது கிடக்கட்டும். நீங்க உள்ளே போனா என்ன செய்வீங்க?"

"நானா? அவிய உள்ள இருக்காவளான்னு பாப்பேன்."

"இருந்தா?"

"பச்சை எரியும். யார்ட்டயோ முக்கியமா பேசுதாவ போலன்னு காத்துக் கெடப்பேன். அணைஞ்சா நானும் வெளிய வந்திரலாம்லா."

"அணையுமா?"

"எங்க அணையுது. அவியதான் வரவே மாட்டாவளே."

அன்று மாலையே நப்பின்னை பால்துரையைப் பிடித்தாள். அவன் ஏற்கெனவே மனைவிக்கு நாற்பத்து மூன்று போட்டிருந்தான். அதே கேள்வியைக் கேட்டாள்.

"அவ பொட்டு எரியுதத்தான் பாத்திட்டு இருப்பேன்," என்றான் பால்துரை, கொஞ்சம் வெட்கத்தோடு. "அணைஞ்சா எந்திரிச்சி ரெண்டு பேருமா டீ குடிக்கலாம்னு. அவளுக்கு உள்ள அப்படி என்ன சோலியோ, அணையவே மாட்டேங்குது."

நப்பின்னைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பு இல்லை. தோளோடு தோள் இடிக்க ஒரே அறையில் நாற்காலி போட்டு, இவன் வெளியே வரட்டும் என்று அவளும் அவள் வெளியே வரட்டும் என்று இவனுமாக, வருடக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப அம்புட்டு நேரமும் நீங்க என்னயவா பாத்திட்டு இருந்திய?" என்று கேட்டாள் தங்கக்கனி.

"பின்ன வேற எவளை?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டார் நகராட்சிக்குப் புகார் எழுதினார்கள்.

நப்பின்னை தன் கண்டுபிடிப்பைப் பூமிக்கு எழுதினாள். அமலோற்பவம் அம்மையார் அசந்துபோனார். பதின்மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்க்கப்பட்டது: 'இன்னொருவர் உள்ளே இருக்கிறாரா என்று பார்ப்பதற்காகவே வலைக்குள் போவதுண்டா?' இதற்கு 'அடிக்கடி' என்று சொல்கிறவர்களின் கணக்கைத் தனியாகப் பார்ப்பது, அவர்களை நோயாளிகளாகக் கருதாமல் விடுவது என்று யோசனை. எல்லாக் குடியிருப்புகளிலும் கேட்டார்கள். குளிர் நகரத்தார், செவ்வாய்க்காரர்கள், வியாழன் சுற்றுவட்ட மாலுமிகள், எல்லாரும் முழு மதிப்பெண். சரிபார்க்க ஆய்வுக் குழுவினரும் எழுதிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் முழு மதிப்பெண்.

எல்லாரும் ஒரே பதில் சொல்லும் கேள்வியால் நோயாளியையும் நோயில்லாதவரையும் பிரிக்க முடியாது. புள்ளியியல் விதிப்படி அந்தக் கேள்வியை நீக்கினார்கள். உலகம் முழுவதற்கும் இருப்பது நோயாகாது என்று அறிக்கையில் ஒரு வரி வந்தது. பழைய பன்னிரண்டும் பழைய முப்பதும் அப்படியே நின்றன. பால்துரைக்கும் தங்கக்கனிக்கும் மறுபக்கத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது.

"இப்பத்தான் நாங்க வலைக்கே போறதில்லையே," என்றாள் தங்கக்கனி.

மறுதேர்வை விடுதியில் வைத்துத்தான் நடத்துவார்கள் என்றாள் நப்பின்னை.

கப்பல் மறுநாள் மாலை. நப்பின்னை காலையிலேயே வலைக்குள் போய் அமலோற்பவம் அம்மையாருக்கு எழுதினாள். இவர்களுடையது போதை இல்லை, காத்திருப்பு. கணவருக்கு இழுப்பு இருக்கிறது. உங்கள் ஒரு சொல் போதும், கப்பலில் ஏற்றாமல் விட்டுவிடலாம். கெஞ்சித்தான் எழுதினாள். எழுதியதும் 'படித்துவிட்டார்' என்ற அடையாளம் விழுந்தது. அம்மையாரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. அதனால் நப்பின்னை காத்திருந்தாள்.

துறைமுகத்தில் தடுப்புக்கு இந்தப்புறம் ஆண்களும் அந்தப்புறம் பெண்களும் ஏறினார்கள். நுதலி கழற்றிய காயம் பால்துரையின் நெற்றியில் இன்னும் ஆறவில்லை. அவள் ஏறிவிட்டாளா என்று பார்க்க அவனுக்கு வேறு வழி எதுவும் இருக்கவில்லை.

"ஏ கனி," என்று கத்தினான். "ஏறிட்டியா?"

"ஏறிட்டேன். இங்கனதான் நிக்கேன். மருந்தை எந்தப் பையில வச்சிருக்கிய?"

கூட இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இருவரும் அதைக் கண்டுகொள்ளாமல், கப்பல் கிளம்பும்வரை தடுப்பின் வழியாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

பூமியில் அமலோற்பவம் அம்மையார் கோரிக்கையைப் படித்த அடுத்த நிமிடமே சம்மதிப்பதென்று முடிவு செய்துவிட்டார். எழுத வாய்ப்பாகப் பக்கத்தைத் திறந்தும் வைத்தார். ஆனால் நப்பின்னையின் பச்சைப் பொட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்னும் ஏதோ எழுதுகிறாள் போலிருக்கிறது, முழுவதையும் எழுதி முடிக்கட்டும் என்று நினைத்துக் காத்திருந்தார். நப்பின்னையும், பதிலைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அந்தப் பொட்டைப் பார்த்தபடியே இருந்தாள். நடுவில் புரட்டி வந்து அவளை இரண்டு முறை திருப்பிப் போட்டுவிட்டுப் போனது அவளுக்குத் தெரியாது. கப்பல் கிளம்பி, மறுபக்கத்து இருளுக்குள் போய் மறைந்த பிறகும் இரண்டு பொட்டுகளும் எரிந்துகொண்டிருந்தன. அடுத்தவரைத் தொந்தரவு செய்ய இருவருக்குமே மனம் வரவில்லை.