குளிப்பாட்டாத பிள்ளை

முலாஞ்சே மலைமேல் மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. மகன் யாங்கோவை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு சியோனே அடிவாரத்து ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டுக்குள் நுழைந்தாள். பாழாய்ப்போன அந்த ஜன்னலோரக் கட்டில்தான் காலியாக இருந்தது. போன மாதம் அவளுடைய மூத்தவள் தமாண்டா செத்துப்போனது அதில்தான்.

வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தபோது பெரியவர்கள்தான் படுத்தார்கள். பிள்ளைகள் ரெண்டு தும்மல் போட்டுவிட்டு ஆடப் போய்விட்டார்கள். சில வாரம் கழித்துத் தமாண்டாவுக்குக் காய்ச்சல், சிவந்த கண், உடம்பெல்லாம் தடிப்பு. அம்மைதான் என்றது ஊர். வழக்கப்படி சியோனே அவளை இருட்டறையில் படுக்கவைத்தாள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. "குளிப்பாட்டும்மா, எரியுது" என்று பிள்ளை கெஞ்சக் கெஞ்ச மறுத்தாள். மூச்சு வாங்கிய பிறகுதான் இங்கே தூக்கிவந்தாள். செத்த பிறகாவது குளிப்பாட்டலாம் என்றால், வெள்ளை உடுப்புக்காரர்கள் கொரோனா என்று பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள்.

இப்போது யாங்கோவுக்கும் கண் சிவந்துவிட்டது.

"இந்தத் தடவை உடனே தூக்கிட்டு வந்துட்டேன் சிஸ்டர். பொழச்சிடுவான்ல?"

நர்ஸ் எனலெசி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். "கொரோனா பிள்ளைங்கள விட்டுட்டுப் போன மாதிரி போயிட்டு, திரும்பி வந்து நெஞ்சைப் புடிக்குதும்மா. இவனுக்கும் இதயம் வீங்கியிருக்கு. மருந்து போட்டாச்சு. அதுக்கு மேல எங்க கையில இல்ல."

மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது.

"அம்மா," என்றான் யாங்கோ, "அக்கா கட்டிலுக்குக் கீழ இருக்கா."

"சும்மா இருடா கண்ணு."

"உடம்பு எரியுதாம். குளிப்பாட்டச் சொல்றா."

கட்டிலடியிலிருந்து குளோரின் நெடி வந்தது. தமாண்டாவைச் சுற்றிய பிளாஸ்டிக்மேல் அதைத்தான் தெளித்தார்கள்.

ஏதோ சரசரத்தது.

சியோனே குனிந்து பார்க்காமலே பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். "குளிப்பாட்டுறேன்டி தங்கம். தம்பிய மட்டும் விட்டுடு."

"தண்ணி சில்லுன்னு இருக்கும்மா," என்று கட்டிலடியிலிருந்து குரல் வந்தது.

சியோனே ஓடினாள். பின்கட்டில் நோயாளிகளுக்குத் துணையாக வந்த பெண்கள் என்சிமா என்ற சோளமாவுக் களிக்கு உலை வைத்திருந்தார்கள்.

"என்னடி, பேய் துரத்துற மாதிரி ஓடி வர்ற?" என்று ஒருத்தி சிரித்தாள். சியோனே உலையிலிருந்து வெந்நீரை மொண்டுகொண்டு திரும்பினாள்.

யாங்கோ அசையாமல் கிடந்தான். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. உடம்பெல்லாம் சோப்பு வாசனை. கைகள் ரெண்டும் நெஞ்சின்மேல் சேர்த்துவைக்கப்பட்டிருந்தன, பிணத்துக்கு வைப்பதுபோல.

"யாரு என் பிள்ளையக் குளிப்பாட்டினது?"

"யாரும் கிட்டகூடப் போகலையேம்மா." எனலெசி அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் கையை மெல்லக் கீழே வைத்தாள்.

கட்டிலடியில் பிளாஸ்டிக் சரசரத்தது.

"தம்பியக் குளிப்பாட்டிட்டேன்மா. இப்ப என்னை."