கால்மேல் ஒரு கரிக்கோடு

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம் அது. சுத்துக்கேணியிலிருந்து பாகூருக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகியும் ஆதிலட்சுமிக்கு ஒரு தோழிகூடக் கிடைக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். தரையில் கரிக்கட்டையால் கட்டம் போட்டுத் தனியாகவே பாண்டி ஆடுவாள். தனியாக ஆடினால் தோற்கவும் முடியாது, ஜெயிக்கவும் முடியாது. அதில் என்ன சுகம்?

பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணுவும் தனிக்கட்டைதான். வயதானவர். முள் குத்திய அவருடைய கால் ஒருநாள் வீங்கிச் சிவந்திருந்தது. ஆதிலட்சுமி தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போ தாத்தா."

"இன்னாத்துக்கு? சாம்பல் வெச்சிருக்கேன். தானா வத்திடும் புள்ள."

அவள் யோசித்தாள். சிவப்பு முடிகிற இடத்தில், காலைச் சுற்றிக் கரிக்கட்டையால் மெல்லிசாக ஒரு கோடு போட்டாள்.

"செவப்பு இத்தத் தாண்டினா நீ தோத்துட்ட. ஆஸ்பத்திரிக்குப் போவணும். சரியா?"

"சரி, சரி," என்று சிரித்தார் அவர்.

மறுநாள் விடிந்ததும் ஓடினாள். சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை! ஆனால் கோடு ஏன் இவ்வளவு தடிப்பாக, கோணல்மாணலாக இருக்கிறது? குனிந்து பார்த்தாள். நான்கு விரல் கீழே அவள் போட்ட கோடு அரைகுறையாக அழிந்து கிடந்தது.

"தாத்தா! அழுகுணி ஆட்டம் ஆடறியா?"

சாமிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். காய்ச்சலில் உடம்பு நடுங்கியது.

"போனா கால வெட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு புள்ள. அங்க ஒண்டியா வேற கெடக்கணும். எனக்குன்னு யாரு இருக்கா?"

ஆதிலட்சுமி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒண்டியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது?

"நான் வரேன்," என்றாள்.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வண்டி பூட்டினார். புதுச்சேரி போய்ச் சேரும்வரை சாமிக்கண்ணு அவள் கையை விடவே இல்லை.

டாக்டர் சாம்பலைக் கழுவினார். மருந்து வைத்துக் கட்டினார். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தார்.

"வெட்டவெல்லாம் வேண்டாம். நல்லவேளை, இன்றைக்கே வந்தீர்கள். பத்து நாள் இங்கேயே இருங்கள்."

சிஸ்டரம்மா சாமிக்கண்ணுவின் பெயரை எழுதிக்கொண்டு ஆதிலட்சுமியைப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

பக்கத்து வீடு என்று சொல்ல ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள். அதற்குள் சாமிக்கண்ணு முந்திக்கொண்டார்.

"எங்க வூட்டுப் புள்ள!" என்றார், அந்தக் கூடம் முழுவதும் கேட்கும்படி.